காணாமல் போன நாலாம் பாகம்

அரிசி ஆலையின் அத்தனை அலுவல்களையும் அரைநாள் ஆறப்போட்டுவிட்டு, எங்கள் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருக்கும் அன்பின் திருவுருவே, ஆண்டாள் அம்மையார் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்து, ஆனாலும் முன்வரிசையை இளையவர்களுக்கு விட்டுக்கொடுத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை இறக்கிவைத்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசிப் பேருந்து போய்விடுமோ என்று கடிகாரத்தில் ஒரு கண்ணும் மேடையில் ஒரு கண்ணுமாக இருக்கும் கல்வராயன் மலையின் உறவுகளே! உங்கள் ஒவ்வொருவர் முன்னும் தலை தாழ்த்தி, என் குரலை உயர்த்துகிறேன்.

என் பெயர் தமிழழகன். பெயர் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாதவர்கள் இந்தக் கள்ளக்குறிச்சியில் இருக்க முடியாது. ஆடித் தள்ளுபடியா, அடுத்த வார மின்தடையா, பொதுக்கூட்டமா, கண்ணீர் அஞ்சலியா, ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு உங்கள் தெருவுக்குள் வந்து மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறவன் நான்தான். வாரம் முழுக்க அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைக் கத்துகிறேன். ஞாயிறு ஒருநாள்தான் வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்துக்கு என் மனைவி இவ்வளவு ஆதரவு தருவதற்கு அதுதான் காரணம்.

சிரியுங்கள், சிரியுங்கள். அவரும் இங்கேதான் இருக்கிறார்.

எங்கள் வட்டம் என்ன பெரிய வட்டம்? தையல்கடை கலையரசி அக்காவின் மாடியில், இரண்டு தையல் எந்திரத்துக்கு நடுவே, எட்டுப் பேர் உட்காரும் வட்டம். தேநீர் வரும். போண்டா வரும். சண்டை வரும். சில வாரம் கண்ணீரும் வரும். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கேட்டால் புத்தகத்தைப் பூஜையறையில் வைக்கிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள். நாங்கள் புத்தகத்தை வெட்டுகிறோம்!

ஆம், அவையோரே, வெட்டுகிறோம். எட்டுப் பேருக்கும் சேர்த்து வாங்குவது ஒரே பிரதி. கலையரசி அக்கா தன் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, முதுகைப் பிரித்து, எட்டுப் பாகமாக்கி, ஒவ்வொன்றையும் ரவிக்கைத் துணியில் வைத்துத் தைத்துவிடுவார். சீட்டுக் குலுக்குவோம். யாருக்கு எந்தப் பாகம் விழுகிறதோ, அவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வாரம் ஒரு பாகம். எட்டாம் பாகம் முடித்தவர் முதல் பாகத்துக்கு வருவார். படித்தவர் படிக்காதவரிடம் கதையைச் சொல்லக்கூடாது. அது சட்டம். அந்தச் சட்டத்தை மீறியவருக்கு அன்றைக்குப் போண்டா கிடையாது!

அந்த மெல்லிய பாகம் ஒன்று கையில் இருந்தால், அந்த வாரத்தின் முகமே மாறிவிடும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஜெயசுதா, நைனார்பாளையத்திலிருந்து வரும் பேருந்தில் நின்றபடியே படிப்பார். கலையரசி அக்கா காஜா எடுத்துக்கொண்டே ஒரு கண்ணால் படிப்பார். அந்த வாரம் யார் சட்டையில் பொத்தான் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. நான் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே படிப்பேன். பாகம் கைமாறி வரும்போது உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருக்கும், ஒரு நூல்துண்டு இருக்கும், மாத்திரை அட்டை இருக்கும். எடுக்க மாட்டோம். முன்னால் ஒருவர் இங்கே மூச்சு வாங்கியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்புவோம். இந்தச் சின்ன இன்பத்துக்கு ஈடாக எதைச் சொல்வேன்?

இனி, நான் சொல்ல வந்த சேதிக்கு வருகிறேன். எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் கொளஞ்சியப்பன் அண்ணன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அதோ, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். அண்ணே, எழுந்து போயிடாதீங்க! உங்கள் அனுமதி வாங்கித்தான் பேசுகிறேன். கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது.

போன வருடம் நாங்கள் எடுத்தது ஒரு பழைய நாவல். குலுக்கலில் அண்ணனுக்கு விழுந்தது ஐந்தாம் பாகம். அதன் முதல் காட்சி என்ன தெரியுமா? ஒரு மகள். ஒரு தகப்பன். பொழுது சாய்கிற நேரத்தில் தகப்பன் வந்து மகள் வீட்டு வாசலில் நிற்கிறான். மகள் சன்னல் வழியாகப் பார்க்கிறாள். பார்த்தும் கதவைத் திறக்கவில்லை. தகப்பன் திரும்பிப் போகிறான்.

அந்த ஞாயிறு அண்ணன் வட்டத்துக்கு வந்த கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்! போண்டாவைத் தொடவில்லை. "பெத்தவன் வாசல்ல நின்னுக்கினு இருக்கிறான், இவ கதவத் தொறக்கல. இவல்லாம் ஒரு பொண்ணாய்யா? எல்லாம் ஒரே ரகம்!" என்றார்.

எல்லாம் ஒரே ரகம் என்று அவர் யாரைச் சொன்னார்? எங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு ஒரே மகள், தமிழ்மொழி. நர்சுக்குப் படித்த பெண். மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துப் பையனை அவளே தேர்ந்து மணந்துகொண்டு, அங்கேயே குடும்பமாக இருக்கிறாள். அண்ணனுக்கு அந்தக் கதை ஒரு விடியலில் தொடங்குகிறது: எழுந்து பார்த்தார், மகள் வீட்டில் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததை யார் சொன்னாலும் கேட்க மாட்டார். ஞாயிறுதோறும், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் போதே, அவருடைய செல்பேசி அடிக்கும். மலையிலிருந்து மகள். எடுத்துப் பார்ப்பார். கவிழ்த்து வைப்பார். அது அடித்து ஓயும்வரை எங்களில் ஒருவரும் பேச மாட்டோம். அந்த மௌனம் இருக்கிறதே, ஊரையே எழுப்புகிற என் ஒலிபெருக்கி அதன் முன்னால் ஒன்றுமில்லை.

வாரங்கள் போயின. ஆறு, ஏழு, எட்டு எல்லாம் முடித்து அண்ணன் முதல் பாகத்துக்கு வந்தார். முதல் பாகத்தில் அதே மகள் சிறுமி. அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறாள். அவர் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டுகிறாள். அந்த ஞாயிறு அண்ணன் கத்தவில்லை. கலையரசி அக்காவைப் பார்த்து, "இந்தப் புள்ளையாக்கா கதவச் சாத்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அக்கா சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பொத்தான் தைத்தார்.

இரண்டாம் பாகம் படித்தார். மூன்றாம் பாகம் படித்தார். "இருக்காதுய்யா. நடுவுல இன்னாவோ நடந்திருக்குது" என்றார். அவர் பாக்கி வைத்திருந்தது ஒரே ஒரு பாகம், நாலாம் பாகம்! கதவு ஏன் சாத்தப்பட்டது என்று சொல்லும் பாகம்! மற்றவர்கள் எல்லாரும் படித்துவிட்டோம்; அவருக்கு மட்டும் அது கடைசி. எதிரே உட்கார்ந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் அது ஜெயசுதா கையில் இருந்தது. அடுத்த ஞாயிறு அண்ணன் கைக்கு வர வேண்டும்.

வந்ததா? வரவில்லை, அவையோரே, வரவில்லை!

ஜெயசுதா அந்த வாரம் தன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு மலைக்குப் போனார். திரும்பும்போது மடியில் நாலாம் பாகம். மலைப்பாதை வளைவுகளில் தூக்கம் சொக்கியது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பையை எடுத்தார், குடையை எடுத்தார், இறங்கினார். நைனார்பாளையம் பேருந்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் புத்தகம் இல்லை. ஓடி வந்தார். பேருந்து மறுபடியும் மலையேறிவிட்டது.

அழுதார். நான் விடுவேனா? என் தொழில் எதற்கு இருக்கிறது? மறுநாளே ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டினேன். "காணவில்லை! காணவில்லை! நாவலின் நாலாம் பாகம் காணவில்லை! பச்சை ரவிக்கைத் துணியில் தைத்தது! கண்டெடுத்தவர்கள் தையல்கடையில் ஒப்படைக்கவும்!" பேருந்து நிலையத்தில் ஒருவர் ஓடிவந்து, "இன்னாண்ணா, காணாம போனது ஆம்பளையா, பொம்பளையா? வயசு இன்னா?" என்று கேட்டார். புத்தகம் என்றேன். அடச்சீ என்று போய்விட்டார். ஊருக்குக் காது இருந்தது, கவலை இல்லை.

ஞாயிறு வந்தது. அண்ணன் வந்தார். வெறுங்கையோடு உட்கார்ந்தார். "சட்டமெல்லாம் கெடக்கட்டும். நாலாம் பாகத்துல இன்னா நடந்துச்சின்னு வாயால சொல்லுங்கய்யா" என்றார்.

சொன்னோம். அங்கேதான் வந்தது வினை! ஜெயசுதா, "அப்பா பண்ணதுதாண்ணா தப்பு" என்றார். கலையரசி அக்கா, "இல்ல, அம்மாக்காரி நடுவுல பூந்து கெடுத்துட்டா" என்றார். நான், மகள் அவசரப்பட்டாள் என்றேன். இன்னொருவர், யாருமே தப்பில்லை, காலம்தான் தப்பு என்றார். அவரைக் கையமர்த்தினோம். ஒரே பாகம், ஒரே எழுத்து, ஒரே காட்சி! ஏழு வாய்க்கு ஏழு கதை. சண்டை முற்றி, குரல் ஏறி, கீழே கடையில் அளவு கொடுக்க வந்தவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

அப்போது அந்தச் செல்பேசி அடித்தது.

அண்ணன் எடுத்துப் பார்த்தார். கவிழ்க்கவில்லை. எடுக்கவும் இல்லை. அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு எழுந்தார். "படிச்ச நீங்களே ஆளுக்கொண்ணு சொல்றீங்க. கதவ ஏன் சாத்துனான்னு சாத்துனவளத்தான் கேக்கணும். எவங்கிட்டக் கேட்டு இன்னா பிரயோசனம்?" என்றார். படியிறங்கினார். நாங்கள் நாவலைச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஜெயசுதாதான் முதலில் புரிந்துகொண்டு, "அண்ணன் மலைக்குப் போறாரு" என்றார்.

போனார், அவையோரே! அதே வெள்ளிமலைப் பேருந்தில் போனார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. காணாமல் போன பாகம் மகள் கையில் கிடைத்திருக்கும் என்றுதானே? அதோ, அந்தத் தாய் தலையாட்டுகிறார். இல்லையம்மா! வாழ்க்கை அவ்வளவு வசதியாகக் கதை கட்டாது. நாலாம் பாகம் இன்றுவரை கிடைக்கவில்லை.

அங்கே நடந்ததை அண்ணன் சொல்லிக் கேட்டதுதான், அவர் சொன்னபடியே சொல்கிறேன். வாசலில் நின்றிருக்கிறார். கதவு திறந்தே இருந்திருக்கிறது. மகள் வெளியே வந்து, திகைத்து நின்று, "இன்னாப்பா, இவ்ளோ தூரம்?" என்று கேட்டிருக்கிறாள். "ஒரு பொஸ்தகத்தோட நாலாம் பாகம் காணாம போய்டுச்சிம்மா. தேடிக்கினு வந்தேன்." "கெடச்சுதா?" "இனிமேதாம்மா கேக்கணும். நீ ஏம்மா சொல்லாம வந்துட்ட?"

அந்தப் பெண் சொன்ன பதிலைக் கேளுங்கள். அப்பன்மார்களே, குறிப்பாக நீங்கள் கேளுங்கள். "நான் சொல்லாம வரலப்பா. எத்தினியோ தபா சொல்ல வந்தேன். நான் வாயத் தொறந்தா நீ வண்டிச் சாவிய எடுத்துக்கினு கெளம்பிடுவ."

மகள் கதவைச் சாத்தினாள் என்று இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், தினம் தினம் கதவைச் சாத்திக்கொண்டு போனது தான்தான் என்பதை அந்த வாசலில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு என்ன செய்தார்? சட்டைப்பையிலிருந்து ஆட்டோச் சாவியை எடுத்து, மகள் கையில் கொடுத்தார். "இப்பச் சொல்லும்மா. மொதல்லேந்து சொல்லு" என்றார். அன்றைக்கு அவர் கீழே வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் அவரைத் தேடினார்கள். தேடட்டுமே!

கை தட்டுங்கள். எனக்கல்ல, அதோ கதவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்திருக்கிறாரே, அவருக்கு.

சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கமாக முடிக்கவும்." முடிக்கிறேன். ஒலிபெருக்கிக்காரனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தது உங்கள் பிழை.

யோசித்துப் பாருங்கள். நாம் யாருடைய கதையை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறோம்? மாமியாரை மருமகள் எந்தப் பாகத்தில் சந்திக்கிறாள்? மேலதிகாரியை, கீழ்வீட்டுக்காரரை, பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பியை நாம் எந்தப் பாகத்திலிருந்து படிக்கத் தொடங்கினோம்? நடுவில் நுழைகிறோம். நாலு வரி பார்க்கிறோம். நல்லவர் கெட்டவர் என்று நாமாக முடிவு கட்டுகிறோம். வாரம் ஒருமுறை எட்டுப் பேர் உட்கார்ந்து வாசித்து வாசித்து நாங்கள் கற்றது ஒன்றுதான்: இந்தாளுக்கும் ஒரு முதல் பாகம் இருக்கும் என்று சந்தேகப்படக் கற்றோம். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால், அவையோரே, மனிதனுக்குப் பாதிக் கோபம் போய்விடும்!

தலைவர் அம்மையாருக்கு ஒரு சொல். எங்கள் கத்தரிக்கோல் கதையைக் கேட்டு மனம் பொறுக்காமல், பதிப்பகத்தாரை விரட்டிப் பிடித்து, கிடங்கின் அடியில் கிடந்த அந்த நாவலின் எட்டுப் பிரதிகளைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். முழுசாக! வெட்டாமல்! நன்றியில் நெஞ்சு நிறைகிறது. முதல் பிரதியைக் கொளஞ்சியப்பன் அண்ணனிடம் சற்றுமுன் கொடுத்தீர்கள். வாங்கினார். நாலாம் பாகம் இருக்கும் இடத்தைப் பிரித்தார். ஒரு வரியும் படிக்காமல் மூடினார். என் காதில் என்ன சொன்னார் தெரியுமா? "இது எம் பொண்ணுக்கு, தம்பி. அவ படிச்சிட்டு எனக்குச் சொல்லட்டும்."

ஆகவே அம்மா, கோபிக்கக் கூடாது. மற்ற ஏழையும் மலைக்கே அனுப்பிவிடுவோம். வெள்ளிமலையில் தமிழ்மொழி ஒரு வட்டம் தொடங்கப் போகிறாள். எங்களுக்கு நீங்கள் வேறு ஒரு புத்தகம் கொடுங்கள். ஒரே ஒரு பிரதி போதும். கலையரசி அக்கா கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறார்!

கேட்டுக்கொண்டிருந்த அத்தனை உள்ளங்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த கைகளுக்கும், என்னை இதுவரை இழுத்து உட்காரவைக்காத தோழர்களுக்கும் நன்றி. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அதைச் செய்துவிட்டே விடைபெறுகிறேன். கேளுங்கள்.

காணவில்லை! காணவில்லை! உங்கள் வீட்டிலும் ஒரு நாலாம் பாகம் காணவில்லை! கண்டெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஒப்படைக்க வேண்டிய இடம் உங்களுக்கே தெரியும். இன்று வீட்டுக்குப் போனதும், வண்டிச் சாவியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லு" என்று கேளுங்கள்.

வணக்கம்.