படகு வரும்வரை உயிர் யார் கையில்?

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் ஊர்த் தலைவி எர்லிண்டா அவர்களே! முதலுதவிப் பயிற்சி தர விராக் நகரிலிருந்து வந்திருக்கும் செவிலியர் லிகாயா அவர்களே! அபாக்கா வாழையில் நார் உரித்து உரமேறிய கைகளோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! உலையை இறக்கிவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அமாதோவின் அன்பு வணக்கம்!

பிலிப்பைன்ஸின் கதந்துவானெஸ் தீவில் பிறந்தவனுக்குப் புயல் புதிதா? புயலின் பெயர்தான் புதிது, புயல் புதிதல்ல! கூரையை இழுத்துக் கட்டத் தெரியும் நமக்கு. படகைக் கரையேற்றத் தெரியும். அரிசியை நனையாமல் காக்கத் தெரியும். ஆனால், பக்கத்து வீட்டுக்காரன் குருதி கொட்டக் கிடந்தால்? அலறத் தெரியும்! அழத் தெரியும்! அவ்வளவுதானே தெரியும்?

சென்ற ஆண்டுப் புயலை நினைத்துப் பாருங்கள். மீன் விற்கும் ரெமெடியோஸ் அக்காவையும், முச்சக்கர வண்டி ஓட்டும் கிரிசாந்தோவையும் அறியாதவர் உண்டா? அவர் வண்டியை இவர் கடைமுன் நிறுத்துவார். இவர் மீன் கழுவிய நீரை அந்த வண்டிமேல் ஊற்றுவார். இருவரும் முகம் பார்த்துப் பேசி அப்போதே ஈராண்டு! என்ன அங்கே? மூன்றாண்டா? சரி, மூன்றாண்டு!

ஊரே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தது. காற்றுச் சற்றுத் தணிந்ததும், வண்டியைப் பார்க்க வெளியே போனார் கிரிசாந்தோ. பறந்து வந்த கூரைத் தகரம் அவர் தொடையைக் கிழித்தது. தூக்கி வந்தார்கள். தரையெல்லாம் குருதி! சாலையெல்லாம் சாய்ந்த மரம்! மருத்துவர் எப்படி வருவார்? பறந்தா வருவார்?

அவருடைய அண்ணன் நெஸ்டர் காப்பித்தூள் டப்பாவோடு பாய்ந்தார். "வழிய விடுங்க! இத அள்ளி வச்சா ரத்தம் நின்னுடும்!"

"வச்சுப் பாரு, உன் கைய ஒடிக்கிறேன்!" என்றது ஒரு குரல். ரெமெடியோஸ்! லிகாயாவிடம் அதற்கு ஒரு மாதம் முன்புதான் பயிற்சி பெற்றவர். துவைத்த துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்தார். இரு கையாலும் அழுத்தினார். துண்டு நனைந்தது, எடுக்கவில்லை. அதன்மேல் இன்னொரு துணி! அழுத்தம் மட்டும் தளரவில்லை!

"அக்கா... கண்ணு இருட்டுது..."

"மூடாதடா! நீ போயிட்டா என் கடை முன்னாடி நிக்கிற வண்டிய எவன் எடுப்பான்?"

வலியிலும் சிரித்தார் கிரிசாந்தோ. ரெமெடியோஸின் கைகள் சோர்ந்தன. அவரோடு பயிற்சி பெற்ற இரு பெண்கள் மாறி மாறி அழுத்தினார்கள். நண்பகல் கடந்து கடல்வழியே மீட்புப் படகு வந்தது. உயிரோடு ஏற்றினோம்! உயிரோடு திரும்பி வந்தார்! இதோ, முதல் வரிசையில்! எழுந்து நில்லுங்கள் ஐயா!

என்ன சொல்கிறார்? "வண்டிய இன்னும் அங்கதான் நிறுத்துறேன்!" என்கிறார். அதோ ரெமெடியோஸின் பதில்: "தண்ணியும் இன்னும் ஊத்தத்தான் செய்றேன்!"

ஊற்றுங்கள் தாயே, உயிருள்ளவரோடுதானே சண்டையும் போட முடியும்!

ஆனால் தோழர்களே, அதே புயலில் குன்றுக்கு அப்பாலுள்ள ஊரில் ஒருவர் இதைவிடச் சிறிய காயத்தால் மாண்டார். அவரைச் சுற்றி ஊரே நின்றது. கண்ணீர் இருந்தது, கருணை இருந்தது, கைகளும் இருந்தன. அழுத்தத் தெரிந்த கை ஒன்றுகூட இல்லை!

நம் ஊரில் அன்று மூன்று பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அது போதுமா? அவர்கள் வேறு கூரையின்கீழ் ஒதுங்கியிருந்தால்? வீட்டுக்கு வீடு கற்க வேண்டும்! ஆணும் கற்க வேண்டும், பெண்ணும் கற்க வேண்டும்! அடுத்த புயல் நம்மிடம் நாள் கேட்டுக்கொண்டா வரும்? வரட்டும்! ஆயிரம் கைகள் ஆயத்தமாய் இருக்கும் ஊருக்குள் வரட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம். லிகாயா அம்மா, துணியை எடுங்கள். காயம்பட்டவனாக முதலில் நான் படுக்கிறேன். ஊரார் வந்து அழுத்திப் பழகட்டும்!