நம்பிராஜன் சேர்த்துவைத்த வானம்

தலைமையேற்றிருக்கும் தாராவித் தோல் பட்டறை உரிமையாளர் ஜெயினுலாப்தீன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நம்பிராஜனின் மகள் மாரீஸ்வரியே, செம்பூர்க் காலனி மக்களே, வணக்கம்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கள உதவியாளர் நம்பிராஜன் சென்ற வியாழனன்று மறைந்தார். உங்கள் மொட்டைமாடியில் காற்றை இழுத்து வடிகட்டும் கருவி ஒன்று இருக்கிறது. திங்களும் வியாழனும் விடியலில் ஏறி அதன் வட்டத்தாளை மாற்றியவர் அவர். தொடர்ந்து இருமுறை தாள் மாறாவிட்டால் கருவி செத்ததாகக் கொண்டு கழற்றிவிடுவார்கள். வியாழன் தவறிவிட்டது. நாளை திங்கள். யார் ஏறப்போகிறார்கள்?

வெள்ளையாகப் போகும் தாள் சாம்பலாக வெளியே வரும். அதை உள்ளங்கையில் ஏந்தி, "வானம் இதுல படுத்துத் தூங்குது சார், மெதுவாப் பேசுங்க" என்பார். அலுவலகமே குரலைத் தாழ்த்தும். வேறு எதற்கும் தாழ்த்தியதில்லை.

மூன்று முறை எங்கள் அலுவலகத்தைச் சீரமைத்தார்கள். முதலில் காற்றையும் நீரையும் இணைத்தார்கள். பிறகு பிரித்தார்கள். கடைசியில் காற்று ஒரு துறைக்கும், அதில் மிதக்கும் தூசி இன்னொரு துறைக்கும் போயிற்று. இயற்கைக்கே கைவராத காரியம்! நம்பிராஜன் தாளை நீட்டி, "எந்த மேசையில வைக்க சார்? ரெண்டாக் கிழிச்சுத் தரட்டா?" என்றார். கேலியல்ல, நிஜமாகவே கேட்டார். அதிகாரி, "அபி ருக்கோ, கொஞ்சம் பொறு நம்பி, ஆர்டர் வரட்டும்" என்றார்.

வந்ததா? நான்கு ஆண்டுகள் வரவில்லை! ஒவ்வொரு தாளையும் உறையிலிட்டு, தேதி எழுதி, வீட்டு பீரோவில் அடுக்கினார். நேற்று மாரீஸ்வரி திறந்து காட்டினார். சேலைகளுக்கு நடுவே நானூறு சிறு நிலாக்கள். தீபாவளிக்கு மறுநாளின் நிலா கறுத்திருந்தது. பெருமழைக்குப் பிந்தையது ஏறக்குறைய வெளுத்திருந்தது. ஓர் ஊரின் மூச்சு தேதிவாரியாக உறங்கிக்கொண்டிருந்தது. நான் பீரோவை ஓசையில்லாமல் சாத்தினேன்.

சற்றுமுன் ஜெயினுலாப்தீன் என்னிடம் சொன்னார்: "எங்க பட்டறைக்கே ரெண்டு நோட்டீஸ் கொண்டாந்த மனுசன் சார். நான் குடுத்த சாயாவக் குடிச்சிட்டே நீட்டுனாரு! ரெண்டாவதுக்குப் பயந்துல்லா புகைக்குழாய மாத்துனேன். இனிமே நம்மள ஏச யாரு இருக்கா?"

யாரும் இல்லை. அலுவலகத்தின் புதிய அமைப்பு வரைபடத்தில் பதவிக்கு ஒன்றாக முப்பத்தாறு கட்டங்கள். துணை இயக்குநர்களுக்கு மட்டும் ஐந்து. மாடி ஏறுபவருக்கு ஒன்றுகூட இல்லை. ஏன் தெரியுமா? வரைந்துகொண்டே வந்தபோது பக்கம் முடிந்துவிட்டது. எனக்குத் தெரியும், வரைந்தவன் நான். அவரைக் காத்திருக்கச் சொன்ன அதிகாரியும் நான்தான். கட்டமே இல்லாமல் நான்கு ஆண்டுகள் ஏறினார் நம்பிராஜன்!

நண்பர்களே, எனக்கு இப்போது பதவி இல்லை, முழங்கால் வலி இருக்கிறது. மாரீஸ்வரி, மாடிச் சாவியை என்னிடம் கொடம்மா. நாளை ஆறு மணிக்கு நான் ஏறுகிறேன். வியாழனன்று ஜெயினுலாப்தீன் ஏறுவார். அடுத்த திங்களுக்குப் பெயர் வேண்டும்.

ஏணி சற்று ஆடும் என்கிறார்கள். காலையில் அதைப் பிடித்துக்கொள்ள இருவர் வேண்டும். கை தூக்குங்கள்.