கதவைச் சாத்த மறுத்த அப்பா

முதல் காட்சிக்குத் தலைமை தாங்கி, முன்வரிசையில் முறுவல் பூத்திருக்கும் பால் சங்கத் தலைவி அவர்களே! சன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி, நண்பகலையே இருட்டாக்கிய இளைஞர்களே! பெரியோர்களே! என்னைப் பெறாமலே என்னை அதட்டும் உரிமை பெற்ற தாய்மார்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

‘பால்புதுமையினர் திரைப்படம்’ என்று எழுதிக் கொடுத்துத்தான் இந்தக் கூடத்தைக் கேட்டேன். தலைவி படித்தார். “பால்ல புதுமையா? நம்ம சங்கத்துக்கு ரொம்பத் தேவைம்மா!” என்றார். சிரிக்காதீர்கள்! பெண்ணை நேசிக்கும் பெண்ணின் கதை என்று விளக்கினேன். மனுவை இன்னொரு முறை படித்தார். “வாக்குக் குடுத்துட்டேன். நாற்காலி எத்தனை வேணும்?” என்றார். தட்டுங்கள் கையை!

என் காதலி யார்? உங்கள் மாடுகளெல்லாம் அறிந்த மங்கை. நம் கால்நடை மருத்துவர்! மூன்றாண்டுகளுக்கு முன் அவள் கைபிடித்து என் வீட்டு வாசலில் நின்றேன். டிராக்டர் மெக்கானிக்கான என் அப்பா “வெளிய போ” என்று கதவைச் சாத்தினார். அடுத்த மாதமே எங்கள் பசு கன்று போட முடியாமல் தவித்தது. அப்போது அவளை அழைத்தார். எங்கே? தொழுவத்துக்கு! தொழுவம் திறந்தது, வீடு திறக்கவில்லை!

அந்த வலியைத்தான் படமாக்கினோம். பட நிறுவனம் உண்டா? இல்லை. பட்டாளம் உண்டா? இல்லை. நாங்கள் இருவருமே நடித்தோம். கேமரா, கல்யாண வீடுகளில் படம் பிடித்துப் பழகிய நம் தபால்காரர். மைக் கட்டிய கம்பைப் பிடித்தது என் அம்மா. வாயே திறக்கக் கூடாது என்றேன். திறக்காமல் இருந்தாரா? காதல் காட்சியிலும் “நிமிந்து நில்லுடி!” என்றொரு குரல் கேட்கும், பொறுத்தருள்க!

அப்பா பட்டறைக்குப் போன வேளையில் அவர் வீட்டிலேயே அந்தக் கதவுக் காட்சியை எடுக்க வந்தோம். அப்பாவாக நடிக்கவிருந்த தையல்காரருக்குக் கால் சுளுக்கு. அந்நேரம் பார்த்து என் அப்பாவே வந்து நின்றார். நான் பின்வாங்கினேன். அம்மா பின்வாங்கவில்லை.

“நீங்களே நில்லுங்க. செஞ்சு பழகின வேலைதானே!”

அப்பா மறுபேச்சின்றி உள்ளே போனார். காட்சி தொடங்கியது. நான் தட்டினேன். கதவு திறந்தது.

“வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க.”

“கட்! அப்பா, ‘வெளிய போ’ன்னு சொல்லணும்ப்பா.”

“சரிம்மா.”

மறுபடி தட்டினேன். “டாக்டரம்மா, பை கனமா இருக்கே, குடுங்க” என்று பையை வாங்கிக்கொண்டார்! மூன்றாம் முறை கெஞ்சினேன்: “கதவைச் சாத்துங்கப்பா!”

“சாத்துறேன். நீங்க ரெண்டு பேரும் முதல்ல உள்ள வாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அன்னைக்கு மட்டும் சரியாச் செஞ்சீங்களே!” என்று கத்திவிட்டேன்.

அப்பா கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அதை ஒரு தடவை செஞ்சுட்டு மூணு வருஷமா நான் படுற பாடு போதும். இன்னொரு தடவை, நடிப்புக்குக்கூட என்னால ஆகாதும்மா.”

அம்மா கம்பைக் கீழே போட்டார். தொம்மென்ற அந்தச் சத்தமும் படத்தில் உண்டு. ஏனென்றால் தபால்காரர் கேமராவை நிறுத்தவே இல்லை! நாங்கள் உள்ளே போனோம். இன்றுவரை வெளியே வரவில்லை; அந்த வீட்டில்தான் குடியிருக்கிறோம்!

அன்பார்ந்தவர்களே! எங்களைப் போன்றவர்கள் கதைகளில் கடைசியில் என்ன செய்வார்கள்? பெட்டியைக் கட்டுவார்கள், பேருந்து ஏறுவார்கள், பட்டணத்தில் மறைவார்கள். ஏன் ஏற வேண்டும்? இந்த மண் எங்கள் மண் இல்லையா? இந்த மாடுகள் எங்கள் மாடுகள் இல்லையா? இந்த அப்பன் எங்கள் அப்பன் இல்லையா? என் படத்தில் எவரும் பேருந்து ஏறவில்லை! ஏறவும் மாட்டோம்!

இடம் தந்த சங்கத்துக்கும், இவ்வளவு நேரம் புழுக்கத்தில் பொறுத்திருந்த உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. அதோ, கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் கதாநாயகனுக்கு முத்தம். எல்லோருக்கும் வணக்கம். விளக்கை அணையுங்கள்!