நாற்பது நிமிடம் திறந்து கிடந்த பெட்டி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிலாளர் தலைவர் செல்லையா ஐயா அவர்களே, மாலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேரே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் என் தாய்மார்களே, பெல்மதுளைக் கடைவீதியின் பெரியோர்களே, கொடகவெலையிலிருந்து பஸ் ஏறி வந்த உடன்பிறப்புகளே! உங்கள் அனைவரையும் கரம் குவித்து வணங்குகிறேன்.

நான் விஜயகலா. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள், இந்த ஊரில் ரவுட்டர் பழுது பார்ப்பவள். ஒரு பெட்டி செய்தேன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நான் அதை ஏற்கத் தயங்கியதைக் கண்டீர்களா? கூச்சத்தால் அல்ல, அச்சத்தால்!

அதென்ன பெட்டி? எங்கள் லயங்களுக்கு இணையம் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. யார் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அங்கே பதிவாகும். என் பெட்டியோ, வீட்டுக் கைபேசி அனுப்புவதை மூன்று உறைகளில் பூட்டி, மூன்று நாட்டுக் கணினிகள் வழியே கைமாற்றும். முதல் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது.

என்ன, அங்கே கை உயர்த்தும் கபூர் நானா? கள்ளனுக்கும் இது உதவுமே என்கிறீர்களா? உதவும் நானா. மறைக்க மாட்டேன். அந்தக் கவலையும் என்னோடுதான் உறங்குகிறது.

முதல் பெட்டியை ஏழாம் அறைத் தங்கம்மா அக்காவுக்குக் கொடுத்தேன். லயத்துக்கு மேலே மலைச்சரிவு வெடித்துப் பிளந்திருந்தது. மண் சரிந்துவிடும் என்று ஆபீசில் மூன்று முறை சொன்னார்; யாரும் வரவில்லை. வெடிப்பைப் படம் பிடித்து, பெயர் போடாமல் ஒரு செய்தித் தளத்துக்கு அனுப்பினார். படம் வெளியானது. நான்காம் நாள் அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"இந்தத் தளத்துக்குப் போனது ஒன்னோட ரூம் மட்டும்தான். நாளையிலிருந்து வேலைப் பதிவுல ஒனக்குப் பேரு இல்ல!"

எப்படிப் பிடிபட்டார்? காட்டிக் கொடுத்தது யார்? அண்டை வீடா? அரட்டை வாயா? இல்லை, அன்பர்களே, இல்லை! காட்டிக் கொடுத்தது என் பெட்டி! மறைவு வழி அறுந்தால் நெட் நின்றுவிடுகிறதே, சனங்கள் சலித்துக்கொள்வார்களே என்று, அறுந்ததும் பழைய வழியிலேயே போகட்டும் என நான்தான் எழுதி வைத்திருந்தேன். அன்று காலை நாற்பது நிமிடம் வழி அறுந்திருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. அந்த நாற்பது நிமிடத்தில்தான் அக்கா படத்தை அனுப்பினார்.

பதினாறு நாள் அவருக்கு வேலை இல்லை. செல்லையா ஐயா ஆபீஸ் வாசலில் நின்று வாதாடித்தான் பெயரை மீட்டார். மாற்றி எழுதிய பெட்டியோடு அக்காவின் வாசலில் நின்றேன். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன்.

"இந்தத் தடவ வழி அறுந்தா என்னாகும் தங்கச்சி?"

"நெட் நின்னுரும் அக்கா. ஒன்னும் வெளிய போகாது."

"நிக்கட்டும். ஆனா நீ சொன்னா பத்தாது, காட்டு."

அவரே பெட்டியின் வயரைப் பிடுங்கினார், செருகினார், மறுபடி பிடுங்கினார். செருகியதும் ஆபீஸ் நெட் வந்துவிட்டாலும், மறைவு வழி திரும்பும்வரை ஒரு சொல்லும் வெளியே போகவில்லை. ஒருமுறை அல்ல, பதினோரு முறை சோதித்தார்! பிறகுதான், "மத்த வீட்டுக்கும் குடு" என்றார். ஐந்து வீடுகளுக்குக் கொடுத்தேன்.

போன வாரம் இரண்டாவது படம் வெளிவந்தது. வெடிப்புக்குள் ஒரு முழுக் கை நுழைந்திருந்தது. ஆபீஸ் பதிவைப் புரட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அதிகாரிகள் ஓடி வந்தார்கள். ஆறு குடும்பங்கள் பாதுகாப்புக்காகப் பாடசாலைக்கு மாறின.

யார் அனுப்பியது என்று கேட்கிறீர்களா? எனக்கும் தெரியாது! எனக்கே தெரியக் கூடாது என்றுதானே அதைச் செய்தேன்!

ஆனாலும் என் நெஞ்சு ஆறவில்லை. இன்னொரு ஓட்டை எங்கே ஒளிந்திருக்கிறதோ, அறியேன். அதைவிட ஒன்று என்னை அறுக்கிறது. மலை வெடிக்கிறது என்று சொல்ல ஒரு தாய்க்கு மூன்று நாட்டுக் கணினிகளா வேண்டும்? உயிருக்குப் பயந்தவள் ஏன் ஒளிய வேண்டும்? ஊரே கேட்கும்படி சொன்னால் ஏன் வேலை போக வேண்டும்?

பத்தொன்பது குடும்பங்கள் இன்னும் அந்த வெடிப்புக்குக் கீழேதான் இருக்கின்றன. அவர்களையும் மாற்றக் கோரும் மனு இதோ. நாளைக் காலை இரத்தினபுரி மாவட்டச் செயலகத்துக்குக் கொண்டு போகிறோம். இதற்குப் பெட்டி வேண்டாம், மறைவு வேண்டாம். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது, தங்கம்மா அக்காவுடையது. மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது.

காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம். பேனா மேசைமேல் இருக்கிறது.