ஊருக்கு மூன்று நாள்

மே மாதத்தில் எங்கள் வீட்டில் காலையில் உறை ஊற்றினால் மத்தியானத்துக்குள் தயிர் புளித்துவிடும். தாராவியில் தகரக் கூரை எல்லாமே அப்படித்தான். நீங்கள் கேட்டது தயிரைப் பற்றி இல்லை என்று தெரியும் சார். ஆனால் கூரையிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது விளங்கும். பத்துக்குப் பத்து ஒரே அறை. பாதி அறைக்கு மேலே பலகை அடித்து ஒரு பரண். அதில் உட்காரலாம், நிற்க முடியாது. கையை நீட்டினால் தகரம் சுடும். ஏறி இறங்க ஒரு மர ஏணி உண்டு. அந்த அறையில் நான் முப்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறேன், அதில் முப்பது வருஷம் இங்கிலாந்தில் இருந்தேன்.

சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து தோல் தைக்கிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் இந்தியா கிரிக்கெட் டீம் சீமைக்குக் கப்பல் ஏறியபோது, சாமான் தூக்கவும் காலில் கட்டுகிற பேட், சப்பாத்து கிழிந்தால் தைக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் போனவர் மழைக்காலம் முடிந்துதான் வந்தார். உடம்பு மட்டும்தான் வந்தது. வாய் அங்கேயே தங்கிவிட்டது.

எந்த ஊரில் எந்த ஊசி முறிந்தது, எந்த மைதானத்தில் யார் சப்பாத்தில் எத்தனை ஆணி அடித்தார், நனைந்த சப்பாத்தை நெருப்பருகே வைக்காமல் உள்ளே காகிதம் திணித்து எப்படிக் காயவைத்தார், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சோறு வடிக்கும்போது கார்டிஃப். துணி துவைக்கும்போது நாட்டிங்ஹாம். காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன், தலைமாட்டில் உட்கார்ந்து லிவர்பூலில் பெய்த மழையைச் சொன்னார். தெருவில் அவருக்கு நல்ல பெயர். எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். பக்கத்து வீட்டு சாயிரா காலையில் வாசல் கூட்டும்போதே கேட்பாள், "என்ன பெரியம்மா, பெரியப்பா இன்னைக்கு எந்த ஊர்ல ஆடுறாங்க?" நானும் ஏதாவது ஒரு ஊரைச் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குப் போக இடம் கிடையாது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பேராச்சி. அவர் கப்பல் ஏறும்போது அவளுக்கு மூன்று வயது. போகிற அன்று ஒரு நூலை எடுத்து அவள் காலை அளந்து, முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். அக்கம்பக்கத்து ஆம்பிளைகள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். தகப்பன் இல்லாமல் அது போனது.

மறுநாள் தபாலாபீஸ் வாசலில் கடுதாசி எழுதிக் கொடுப்பவரிடம் போனேன். எழுதினார். முடித்ததும் நாலு ஓரத்திலும் கறுப்பு மை தடவினார். சாவுச் சேதி என்றால் அப்படித்தான். என் வீட்டுக்காரருக்கும் படிக்கத் தெரியாது. படிக்காதவனுக்கும் பார்த்ததும் தெரிய வேண்டும் அல்லவா. அந்தக் கடுதாசியைச் சேதி தெரிந்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் அது. விலாசம் என்ன என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும். இந்தியா கிரிக்கெட் டீம், லண்டன் என்று சொன்னேன். டீம் ஒரு ஊரில் மூன்று நாளுக்கு மேல் தங்காது, நாலாம் நாள் ரயிலேறிவிடும் என்பதெல்லாம் அவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கப்பலிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். வாசலிலேயே நின்று, "எங்கேளா என் பேராச்சி? அப்பா என்ன கொண்டாந்திருக்கேன் பாரு" என்றார். பொட்டலத்தில் சின்னச் சப்பாத்து ஒரு ஜோடி. கிழிந்த கால் பேட்டிலிருந்து வெட்டின வெள்ளைத் தோலில் அவரே தைத்தது. பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று நூலை விட அரை விரல் கூடுதலாகத் தைத்திருந்தார். நான் சேதியைச் சொன்னேன். அவர் அழுதார். அழட்டும் என்று விட்டேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கடுதாசி கிடைத்ததா இல்லையா.

"என் ஆத்தா மேல சத்தியமா கிடைக்கல்ல வடிவு. கிடைச்சிருந்தா கடல்ல குதிச்சாவது வந்திருக்க மாட்டேனா?"

நான் நம்பவில்லை. சப்பாத்து தைக்க நேரம் இருந்திருக்கிறது, சிரிக்க நேரம் இருந்திருக்கிறது, கடுதாசி மட்டும் கிடைக்காதாம். அன்றிலிருந்து அவர் எப்போது சீமைக் கதையை எடுத்தாலும், முடிக்கிற இடத்தில் நான் அதே கேள்வியைக் கேட்பேன். அவர் அதே சத்தியத்தைச் செய்வார். முப்பது வருஷம். நாளாவட்டத்தில் அவர் கதையே அப்படி முடிய ஆரம்பித்தது. "எல்லாம் கிடைச்சுது, ஒரு கடுதாசி மட்டும் எனக்குக் கிடைக்கல்ல" என்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவள் நான், உச்சுக்கொட்டல் அவருக்கு.

போன வாரம் புதன்கிழமை மாட்டுங்காவிலிருந்து ஒருவர் வந்தார். ஜகந்நாதன் என்று பெயர். ஏதோ கிரிக்கெட் கிளப்புக்குச் செயலாளராம். வெள்ளைச் சட்டை, குடை, நல்ல மனுஷர். வாசலில் நின்றபடியே சொன்னார், "டீம் போய் முப்பது வருஷம் ஆறது அம்மா. அந்தப் பயணத்துல போன நம்ம மனுஷா ஒருத்தர் தாராவியில இருக்கார்னு கேள்விப்பட்டோம். மேடையேத்தி சால்வை போடணும்னு ஆசை. அவரே மைக்ல நாலு வார்த்தை பேசணும். இருக்காரா?"

அவர் அப்போது வீட்டில் இல்லை. பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகும், கம்பை ஊன்றிக்கொண்டு தோல் பட்டறைத் திண்டில் போய் உட்கார்ந்து நாலு பேருக்குக் கதை சொல்லிவிட்டு வருவார். நான் ஜகந்நாதனைப் பார்த்தேன். இருநூறு பேர் உட்கார்ந்திருக்க, மைக்கில் இவர் அந்தக் கடுதாசியைச் சொல்லப் போகிறார். இருநூறு பேரும் உச்சுக்கொட்டப் போகிறார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"அவுக தவறிட்டாக" என்றேன்.

எப்போது என்று கேட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் பாவம், மேலே கேட்கவில்லை. கண் கலங்கி, "ஞாயித்துக்கிழமை கிளப் மெம்பர்ஸ் எல்லாரும் வரோம். அவர் படத்துக்கு மாலை போட்டு ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போறோம். நீங்க மறுக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள் சார். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் மாலையோடு வருகிறார்கள். மனுஷர் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தால் நான் என்ன சொல்வேன்? விக்ரோலியில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்த்தேன். சாயிராவின் வாயை எப்படி மூடுவது? மாட்டுங்காவுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். சொன்னால் மாலை போய் மேடை வந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நான் சொன்ன ஒரு சொல்தான், ஆனால் அதிலிருந்து வெளியே வர எனக்கு வேறு வாசல் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அவருக்குப் பழையது வைத்துக்கொண்டே சொன்னேன். கிளப்காரர்கள் வருகிறார்கள், சால்வை போடப் போகிறார்கள் என்று. பொய் இல்லையே, முதலில் அதற்குத்தானே வந்தார்கள். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அட என்னளா சொல்லுதே! நெசமாவா? என் கோட்டு எங்கன கிடக்கு? அதைப் போட்டுக்கிட்டுல்லா நிக்கணும்."

கோட்டு என்றால் சீமையில் ஒரு ஆட்டக்காரர் கொடுத்த பழைய கம்பளிக் கோட்டு. பரணில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. "மேல ஏறித் தேடுங்க, நான் புடிச்சுக்கிடுதேன்" என்றேன். இழுத்த காலை ஒவ்வொரு படியாக நான்தான் தூக்கி வைத்தேன். கால் மணி நேரம் ஆனது. அவர் உள்ளே தவழ்ந்து பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டதும், ஏணியை எடுத்துச் சுவரோரம் படுக்கவைத்து, மேலே பாயைச் சுருட்டி வைத்தேன்.

நான் அடிக்கவில்லை. ஒன்றும் கலந்து கொடுக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஏணி எங்கே என்றார். தச்சரிடம் கொடுத்திருக்கிறேன், ஒரு படி ஆடுகிறது என்றேன். நம்பினார். கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, மேடையில் பேசப் போவதை மேலிருந்தே பேசிப் பார்த்தார். மத்தியானம் தண்ணீர் கேட்டார். இதோ என்றேன். சாயங்காலமும் இதோ என்றேன். வெள்ளிக்கிழமை காலை சத்தம் போட ஆரம்பித்தார். சாயிரா வாசலைக் கூட்டிக்கொண்டே, "இன்னைக்கு எந்த ஊரு பெரியம்மா? சத்தம் பலமா இருக்கே" என்றாள். லிவர்பூல் என்றேன். "மழை பெஞ்சுதோ என்னமோ" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம், யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது. நான் கீழே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். வெளியே போகவும் பயம், உள்ளே இருக்கவும் முடியவில்லை. பாவம் என்று தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? ஒருமுறை செம்பில் தண்ணீர் மொண்டுகூட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. அதை நானே குடித்தேன்.

ஞாயிறு விடிந்ததும் ஏணியை வைத்து ஏறிப் பார்த்தேன். பிறகு சாயிராவைக் கூப்பிட்டேன். கோட்டைத் தேட ஏறினவர் மேலேயே போய்விட்டார் என்றேன். தெருவே கூடி அழுதது. நாலு பேர் இறக்கினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பத்து மணிக்கு ஜகந்நாதன் மாலையோடும் ஆட்களோடும் வந்து, வாசலில் பிணத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சாயிரா மாலையைப் பார்த்தாள். "காலையிலதான மவுத்தானாங்க, மாட்டுங்காவுல அதுக்குள்ள யாரு சொன்னா?" என்றாள். "புதன்கிழமையே இந்த அம்மா சொன்னாளே, தவறிட்டார்னு" என்றார் அவர். அந்த மனுஷருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

பரணில் கிடந்த காகிதத் துண்டுகளைக் காட்டி இது என்ன என்று கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் சீமையிலிருந்து வந்து ஒன்றரை மாதம் கழித்து, தபால்காரர் ஒரு உறையைக் கொண்டுவந்தார். நான் அனுப்பின கடுதாசிதான். உறை முழுக்க அடித்து அடித்து வேறு வேறு ஊர் எழுதியிருந்தது. தபால்காரரைப் படிக்கச் சொன்னேன். ஏழு ஊர். ஒவ்வொரு ஊருக்கும் அது போய்ச் சேரும்போது டீம் அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது. ஒட்டினது ஒட்டினபடியே திரும்பி வந்துவிட்டது. அவர் பட்டறைக்குப் போயிருந்தார். வந்ததும் காட்டலாம் என்றுதான் இருந்தேன். வந்தார், கை கழுவினார், சோறு போடச் சொன்னார், போட்டேன். காட்டவில்லை. காட்டினால் யாரிடம் கோபப்படுவது? குழந்தையும் போய், கோபமும் போய், வெறும் கையோடு அந்த அறையில் நான் என்ன செய்வேன்? வீட்டில் வைக்கக் கூடாத கடுதாசியை முப்பது வருஷம் வீட்டிலேயே வைத்தேன். சப்பாத்துப் பொட்டலத்துக்குள் செருகி அவர் பெட்டியின் அடியில் வைத்தேன். பெட்டியில் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்ப்பார், அந்தப் பொட்டலத்தை மட்டும் தொடமாட்டார். தொடப் பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டிருக்கிறார். காகிதம் சரசரக்கிற சத்தம் கேட்டது. பிறகு, சத்தம் போடாமல், பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏளா வடிவு, கடுதாசி வந்துட்டுளா."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு கிழிக்கிற சத்தம் கேட்டது. முறைப்படி கிழித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் தண்ணீர் கேட்கவே இல்லை. சனிக்கிழமை முழுக்க அவர் குரலில் கேட்டது பேராச்சி, பேராச்சி என்பது மட்டும்தான். அந்தப் பெயரை அந்த வீட்டில் அவ்வளவு நாள் யாரும் சொன்னதில்லை. ஞாயிறு காலை நான் ஏறியபோது, சப்பாத்து இரண்டும் அவர் கைக்குள் இருந்தன. விரலைப் பிரித்து எடுக்க முடியவில்லை.

கடுதாசி அவருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மைதான் சார். ஏணியை எடுத்ததும் நான்தான், தண்ணீர் கொடுக்காததும் நான்தான். கைநாட்டு எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் அதற்கு மேலே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கடுதாசி கிடைத்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார்.