படத்துல நீ வரக்கூடாது

அக்கா: பாத்தியா, இதுலயும் எனக்கு நெத்தி இல்லை.

தங்கை: எங்கே, காட்டு... அட, ஆமா.

அக்கா: நீ எடுத்தது பன்னிரண்டு படம். பன்னிரண்டுலயும் புருவத்தோட முடிஞ்சுபோறேன். மடியில உக்காந்திருக்கற என் பொண்ணு மட்டும் கால் கட்டைவிரல் வரைக்கும் ஜம்முனு இருக்கா.

தங்கை: நான் பாக்கும்போது உன் தலை முழுசா இருந்துச்சுக்கா. ஒரு நரைமுடி கூடத் தெரிஞ்சுது.

அக்கா: எனக்கு எங்கேடி நரை?

தங்கை: அதான் படத்துல விழலையே. சந்தோஷப்படு.

அக்கா: வாய் மட்டும் குறையில்லை. இங்கே வா, கேமராவைப் பிடி. நீ கண்ணை வச்சுப் பாக்கறது மேல இருக்கற இந்தக் குட்டி ஜன்னல். படத்தைப் பிடிக்கறது கீழே இருக்கற லென்ஸ். ரொம்பக் கிட்டப் போனா ரெண்டும் வேற வேற பாக்கும். ஜன்னலுக்குள்ள ஓரத்துல கோடு தெரியுதா?

தங்கை: மஞ்சளா... தெரியுது.

அக்கா: கிட்டத்துல எடுத்தா தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கணும்.

தங்கை: தையலுக்குத் துணி விடற மாதிரி.

அக்கா: ஆமா. அந்த மாதிரி. எத்தனை கவுன் தைக்கறே, அளவு பிசகுதா? என் தலைக்கு மட்டும் எப்படிப் பிசகுச்சு?

தங்கை: வேணும்னே வெட்டினேன்னு சொல்றியா?

அக்கா: நான் ஒண்ணும் சொல்லலை.

தங்கை: சொல்லாமலே சொல்றே. பதினொரு மணியிலேர்ந்து பாக்கறேன், முகம் உம்முனு...

அக்கா: மெதுவாப் பேசு. வாண்டு தூங்கறா.

தங்கை: அவ தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டா. மிஷின் சத்தத்துல தூங்கிப் பழகிட்டா.

அக்கா: எங்க வீட்டுல குண்டூசி விழுந்தாலே எழுந்துக்குவா.

தங்கை: அது உங்க வீட்டுல. சரி, அடுத்தது என்ன? சொல்லு.

அக்கா: விரல். இடது கை விரலை மடக்கு. இப்போ லென்ஸை மறைச்சுக்கிட்டு நிக்குது பாரு.

தங்கை: உள்ளே பாத்தா தெரியலையே!

அக்கா: தெரியாது. அதான் சொன்னேனே, ரெண்டும் வேற கண்ணு. ஸ்டுடியோவுல குடுத்துக் கழுவிப் பாத்தா படம் பூரா இளஞ்சிவப்பா உன் விரல்தான் நிக்கும். எனக்கு உன் விரல் வேண்டாம்.

தங்கை: அடேங்கப்பா. விரல் கூட வேண்டாமா?

அக்கா: பட்டனைப் பாதி அமுக்கு. பச்சை விளக்கு எரியட்டும். இப்போ மீதி. கையை ஆட்டாதே.

தங்கை: அமுக்கிட்டேன். ஒண்ணும் சத்தமே வரலையே?

அக்கா: வந்துச்சு. உன் காது மிஷின்ல போயிருச்சு.

தங்கை: பழைய ரோல்தானே, இதுல எத்தனை மிச்சம்?

அக்கா: அதுதான் கடைசி. இப்போ கேளு... ர்ர்னு தானா சுத்துதா? படச்சுருள் டப்பாவுக்குள்ள போகுது. இந்தச் சத்தம் நிக்கற வரைக்கும் பின்கதவைத் தொடவே கூடாது. ஆசையா இருக்கேன்னு திறந்து பாத்தே, ஒரு மாசத்துப் புள்ள போச்சு.

தங்கை: எப்படிச் சொல்றே பாரு. புள்ள போச்சாம்.

அக்கா: எனக்கு அவ்வளவுதான் கிடைக்கப்போகுது. மாசம் ஒரு ரோல். முப்பத்தாறு படம். வெளிநாட்டுல இருக்கப்போற ரெண்டு வருஷத்துக்கு அதுதான் என் பொண்ணு.

தங்கை: ...சத்தம் நின்னுருச்சு.

அக்கா: திற. அதை எடுத்துக் கறுப்பு டப்பாவுல போடு. புது ரோலைப் போடு. நீயே போடு, நான் கை வைக்க மாட்டேன்.

தங்கை: நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அதை இழுக்கணுமா?

அக்கா: கொஞ்சம்... கொஞ்சம்னேன்! ஏய், ஒரு முழம் இழுக்கறியே!

தங்கை: பாபின் போடும்போது நூலைத் தாராளமா விடணும்க்கா. இல்லாட்டா முதல் தையல்லயே பறந்துடும்.

அக்கா: இது நூல் இல்லைடி, தாயே. வெளிச்சம் பட்ட வரைக்கும் பாழ். உள்ளே சுத்தி விடு. அந்தச் சிவப்புக் கோடு வரைக்கும் வந்தா போதும். மூடு. நம்பர் என்ன காட்டுது?

தங்கை: ஒண்ணு.

அக்கா: அப்போ பிடிச்சுக்கிச்சு. ஒண்ணு வரலைன்னா திரும்பப் போடணும். சும்மா சிரிச்சுக்கிட்டு நிப்பீங்க, உள்ளே ஒண்ணும் விழாது.

தங்கை: மாமா எடுக்கட்டுமே இதெல்லாம். அவருக்கு இதுல கை உண்டு.

அக்கா: அவரா? பத்து நாளைக்கு ஒருதரம் வர்றவர். போன தடவை பொண்ணைப் படம் பிடிங்கன்னு கேமராவைக் குடுத்தேன். முப்பத்தாறுல இருபத்திரண்டு அவர் லாரி.

தங்கை: மீதி பதினாலு?

அக்கா: லாரியோட டயர். சிரிக்காதே. இந்தா, எழுதி வச்சிருக்கேன். மாசாமாசம் என்னென்ன எடுக்கணும்னு.

தங்கை: எவ்வளவு பெரிய லிஸ்ட்டு... கதவோரம் நிக்க வச்சு உயரம். சிரிச்சா பல்லு. தலைமுடி, முன்னாலயும் பின்னாலயும். தூங்கறது. சாப்பிடறது. குளிக்கறது. இது என்ன, அடியில கோடு போட்டிருக்கே? "வாண்டு மட்டும்."

அக்கா: வாண்டு மட்டும். நீ வரக்கூடாது.

தங்கை: நான் எப்படி வருவேன்? எடுக்கறவளே நான்தானே.

அக்கா: உன் வீட்டுக்காரரை விட்டு எடுக்கச் சொல்லுவியே.

தங்கை: சொன்னா என்ன?

அக்கா: சொல்லக்கூடாது.

தங்கை: கை கூடவா விழக்கூடாது? அப்போ சாப்பிடறதை எப்படி எடுக்கறது? ஸ்பூன் தானாப் பறந்து வருமா?

அக்கா: அவளே சாப்பிடட்டும். மூணு வயசாச்சு.

தங்கை: அவளே சாப்பிட்டா பாதி தரை சாப்பிடும்... சரி சரி, முறைக்காதே. இந்தக் கடிகாரம் போட்ட பட்டன் எதுக்கு?

அக்கா: அது கெட்டுப்போச்சு. தொடாதே.

தங்கை: கெட்டதுன்னா என்ன பண்ணும்?

அக்கா: ஒண்ணும் பண்ணாது. கெட்டுப்போச்சு, விடு. ஃபிளாஷுக்கு வருவோம். சிவப்பு விளக்கு மினுக்கினா இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா...

தங்கை: அக்கா, இது மினுக்குது.

அக்கா: எது?

தங்கை: முன்பக்கம். மேஜை மேல வச்சேன், கை பட்டிருச்சு போல. பீப் பீப்னு வேற கத்துது! உடைச்சுட்டேனா?

அக்கா: கடவுளே. தள்ளிப் போ. முன்னாடி நிக்காதே!

தங்கை: எதுக்கு? வெடிக்குமா?

அக்கா: தள்ளிப் போன்னா... நீ ஏன் என் பக்கம் வர்றே!

தங்கை: பயமா இருக்குக்கா, வேகமாக் கத்துது... ஐயோ! ஃபிளாஷ் அடிச்சுருச்சு! நம்பர் ரெண்டுன்னு காட்டுது. படம் எடுத்துருக்கு. நம்ம ரெண்டு பேரையும்.

அக்கா: ம்.

தங்கை: அப்போ அது கெட்டுப்போகலை.

அக்கா: ...எப்பவாவது வேலை செய்யும்.

தங்கை: அக்கா. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. மேஜையில வச்சு இதை அமுக்கிட்டு ஓடிப்போய் வாண்டு பக்கத்துல நின்னா, நானும் அவளும் சேர்ந்து விழுவோம். அதுக்குத்தானே இந்தப் பட்டன்?

அக்கா: ஆமா.

தங்கை: அது எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பொய் சொன்னே.

அக்கா: ஆமான்னு சொல்றேன்ல! இன்னும் என்ன, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?

தங்கை: ஏன்க்கா?

அக்கா: வயிறு எரியுதுடி. அதான். கேட்டுக்கோ. இருபது நாளைக்கு முன்னாடி இங்கே பழகட்டும்னு கொண்டுவந்து விட்டேன். நான் பயிற்சிக்கு ஓடி, பாஸ்போர்ட்டுக்கு ஓடி, சாயங்காலம் வந்து கையை நீட்டினா உன் புடவைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறா. விளையாட்டுக்குத்தான்னு நீ சிரிக்கறே. எனக்குச் சிரிப்பு வரலை.

தங்கை: குழந்தைதானே...

அக்கா: அங்கே ஆஸ்பத்திரி வார்டுல நர்ஸா நின்னு யாரோ பெத்த புள்ளைக்கு நான் பால் புகட்டுவேன். ராத்திரி ரூமுக்கு வந்து உறையைப் பிரிச்சா, உன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அவ சிரிப்பா. அதை நான் சுவத்துல ஒட்டிப் பாக்கணுமா? படத்துலயாவது அவ தனியா நிக்கட்டும். பக்கத்துல இருக்கற காலி இடத்துல நான் நிக்கறதா நெனச்சுக்குவேன்.

தங்கை: எனக்கு எரியாதுன்னு நெனச்சியா?

அக்கா: உனக்கு என்ன?

தங்கை: கல்யாணமாகி ஏழு வருஷம்க்கா. தெருவுல இருக்கற அத்தனை குழந்தைக்கும் கவுன் தைக்கறேன். அளவெடுக்கற நேரம் மட்டும் தொட்டுக்கலாம். தோள், மார்பு, இடுப்பு. டேப்பைச் சுருட்டினா அவங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடும். நீ வாண்டை வயித்துல சுமந்துக்கிட்டு வந்து இதே நாற்காலியில உக்காந்து "முதுகு வலிக்குதுடி"ன்னே. அந்த வலி எனக்கு வராதான்னு பாத்ரூம்ல போய் அழுதேன். உனக்குத் தெரியுமா?

அக்கா: ...சொல்லவே இல்லையே.

தங்கை: என்னன்னு சொல்றது? உன்னைப் பாத்தா பத்திக்கிட்டு வருதுன்னா? உன் நெத்தியை வெட்டினேனோ இல்லையோ, சத்தியமா எனக்கே தெரியலை. ஜன்னல் வழியா நான் பாத்தது வாண்டை மட்டும்தான்.

அக்கா: அப்படிச் சொல்லு. இப்போதான் உண்மை வருது.

வாண்டு: சித்தி... என்ன சத்தம்?

அக்கா: எழுந்துட்டியாடா கண்ணு? வா, அம்மாகிட்ட வா. தலையெல்லாம் கலைஞ்சிருக்கு. பின்னிவிடறேன்.

வாண்டு: சித்தி பின்னட்டும். நீ இழுப்பே.

அக்கா: இழுக்க மாட்டேன். மெதுவா...

வாண்டு: வேணாம். சித்தி.

தங்கை: அம்மா பின்னட்டும் செல்லம். அம்மா நாளைக்கு ஊருக்குப் போறால்ல?

அக்கா: விடு. பின்ன வேண்டாம். கலைஞ்சதே அழகா இருக்கு. கேமராவை எடு. இவளை ஒரு படம் எடு, நான் பாக்கறேன். ஜன்னல் பக்கம் நிக்க வை. வெளிச்சம் அவ மேல விழணும், உன் கண்ணுல இல்லை.

தங்கை: நீ எங்கே நிப்பே?

அக்கா: உனக்குப் பின்னாடி. நீ சரியாப் பிடிக்கறியான்னு பாக்கணும்.

வாண்டு: பல்லு காட்டவா?

தங்கை: காட்டு, காட்டு. பச்சை விளக்கு வந்துருச்சு. ஆடாதே...

அக்கா: விரல்.

தங்கை: மடக்கிட்டேன். தலை கோட்டுக்குக் கீழே. கை ஆடலை. சரியா?

அக்கா: சரி. அமுக்கு.

வாண்டு: இன்னும் பெருசாக் காட்டவாம்மா?

தங்கை: உன்னைத்தான் கேக்கறா, அக்கா.

அக்கா: அவ கண்ணு என்னைப் பாக்கலை.

வாண்டு: ஐயய்யோ! சித்தி! சித்தின்னு சொல்லணும். மறந்துட்டேன்.

அக்கா: பரவாயில்லைடா. போய் உன் பொம்மையை எடுத்துட்டு வா. அதையும் ஒரு படம் எடுக்கலாம்.

வாண்டு: ரெண்டு பொம்மையும்?

அக்கா: ரெண்டும். மெதுவா வா, அவசரமில்லை.

தங்கை: அக்கா... திட்டிடு. ரெண்டு அறை வேணும்னாலும் குடு. இப்படிச் சும்மா நிக்காதே.

அக்கா: எத்தனை நாளா?

தங்கை: பத்தொன்பது நாள்.

அக்கா: எண்ணி வச்சிருக்கே.

தங்கை: மிஷின்ல உக்காந்திருந்தேன். பின்னாடி வந்து முதுகுல சாஞ்சுக்கிட்டு அம்மான்னு கூப்பிட்டா. துணி ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் போயிருச்சு. நான் சொல்லிக்கொடுக்கலைக்கா, என் கண்ணு மேல சத்தியம். அவளாதான் கூப்பிட்டா. ஆனா... தடுக்கவும் இல்லை. அப்படிக் கூப்பிடக்கூடாதுன்னு சொல்ல வாயைத் திறந்தேன், வரலை. அம்மா இருக்கும்போது மட்டும் சித்தின்னு சொல்லுடான்னேன். உன் வீட்டுலேர்ந்து திருடின மாதிரி பத்தொன்பது நாளா ஒளிச்சு வச்சிருக்கேன்.

அக்கா: அவளாக் கூப்பிடலைடி.

தங்கை: சத்தியமா நான்...

அக்கா: நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இங்கே கொண்டுவந்து விட்ட அன்னைக்கு, உன் வாசல்ல, செருப்பைக் கழட்டிவிடும்போது. காய்ச்சல்ல அம்மான்னு அனத்தினா ஓடிவர ஒருத்தி வேணுமே... நான் போனப்புறம் சித்திதான் அம்மா, அப்படித்தான் கூப்பிடணும்னு சொன்னேன். மாட்டேன்னு அழுவா, பழக்கறதுக்கு மாசக்கணக்காகும்னு நெனச்சேன்... மறுநாளே கூப்பிட்டுட்டாளா?