போட்டியின்றி வென்ற நீதிபதியும் போட்டியிட்ட நோரினும்

விழாவுக்குத் தலைமை ஏற்று, எனக்கு ஐந்தே நிமிடம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் கவுண்டி என்னும் நம் குட்டி மாவட்டத்தின் எழுத்தர் அவர்களே, புதிதாய்ப் பொறுப்பேற்ற மாண்புமிகு நீதிபதி நோரின் விட்டேக்கர் அவர்களே, சோளரொட்டியோடு காத்திருக்கும் தேவாலயத் தாய்மார்களே, முடிவு தெரிந்த மறுநாளே 'இந்த அம்மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்' என்று சத்தியம் செய்யத் தொடங்கிய பெரியோர்களே! பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நீதிமன்றத்தில், நீதிபதி நுழையும்போது சொல்லும் "எல்லாரும் எழுந்திருங்க" என்பதைத் தவிர வேறு வசனம் பேசியறியாத நீதிமன்றக் காவலன் ஆர்வில் ஸ்டாம்பரின் வணக்கம்.

முன்னாள் நீதிபதி வெண்டல் ஸ்கேக்ஸின் வீர வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நம் ஊரில் நீதிபதி நாற்காலிக்கும் ஓட்டுத்தான்; எட்டு ஆண்டுக்கு ஒரு தேர்தல், மூன்று தேர்தல், மூன்றிலும் வாகை. யாரை வென்றார்? யாரையும் இல்லை. ஓட்டுச்சீட்டில் ஒரே பெயர். ஒற்றைக் குதிரை ஓடிய பந்தயத்தில் மும்முறை முதற்பரிசு கொடுத்தோம், கைதட்டிக் களித்தோம், காரின் பின்னால் அவர் பெயரை ஒட்டிக்கொண்டு கம்பீரமாய்த் திரிந்தோம். பின்வரிசையில் சிரிக்கும் வழக்கறிஞரே, தேர்தலுக்கு முன்னால் ஒருநாளாவது இப்படிச் சிரித்திருக்கலாம்.

தேர்தலுக்கு முந்தின ஆண்டு நவம்பர். மறுநாள் மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. நீதிபதியின் துப்பாக்கி ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டது; நீதி மட்டும்தான் இறங்க வேண்டியிருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோவீனா ஸ்லோன், கணவன் தன்னை நெருங்காமலிருக்க ஓர் உத்தரவு கேட்டு வந்து நின்றார். அந்தக் கணவன் யார்? நீதிபதியின் வேட்டைத் தோழன். ரோவீனாவுக்காக வாதாட வந்தவர், அன்று வழக்கறிஞராயிருந்த நோரின். நான்கு நிமிடத்தில் மனு தள்ளுபடி.

"புருஷன் பொண்டாட்டி சண்டை, ராத்திரி சாப்பாட்டுக்குள்ள தீந்துடும். அடுத்த வழக்கைக் கூப்பிடு" என்றார் நீதிபதி.

"ஐயா, அந்தம்மா இன்னும் வாயே திறக்கலை" என்றார் நோரின்.

"கேட்டாச்சு, உக்காரு."

"என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க, உக்காந்துக்குறேன்."

நீதிமன்ற அவமதிப்பு என்றார் நீதிபதி. ஒருநாள் சிறை. சிறைக்கு இழுத்துப் போனவன் எந்தப் பாவி? உங்கள் முன் நிற்கும் இந்தப் பாவிதான். படியிறங்கும்போது நோரின் கேட்டார்.

"ஆர்வில், நீங்களே சொல்லுங்க, அங்க நடந்தது சரியா?"

"நான் வேலைக்காரன்மா. எனக்கு அபிப்பிராயமெல்லாம் கிடையாது. ஓட்டு மட்டும்தான் இருக்கு."

"அது போதும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ரோவீனாவின் வலதுகை இரண்டு இடத்தில் முறிந்தது. பேருந்து வேலை போனது. அக்காள் ஊருக்கு ஓடிப்போனார். செய்தி கேட்ட அன்று உச்சியிலே உட்கார்ந்திருந்த நீதிக்கு உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. ஆனாலும் மறுநாள் காலை "எல்லாரும் எழுந்திருங்க" என்றேன். நீங்களும் எழுந்தீர்கள்.

ஜனவரியில் நோரின் நீதிபதி தேர்தலில் நிற்க மனுத்தாக்கல் செய்தார். அடடா, நம் வழக்கறிஞர்களின் வீரத்தை என்னவென்பேன்! நடையில் நிறுத்தி, காதோடு காதாக, "உங்களுக்குத்தாங்க என் ஆதரவு, வெளியில மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்கள். வாசலில் ஓட்டுக் கேட்கும் பலகை நட ஒருவரும் இடம் தரவில்லை. அக்காள் ஊரிலிருந்து திரும்பி வந்து நின்றவர் ரோவீனா. முழுதாய் நிமிராத கையால் வீடு வீடாகத் தட்டினார். கதவைத் திறந்தவர்களிடம் அவர் சொன்னது ஒன்றே: "நாலு நிமிஷத்துல என்னை அனுப்பிட்டாரு. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க."

முப்பத்தேழு ஓட்டில் வெற்றி. அதில் ஒன்று என்னுடையது.

கதை இத்தோடு இனிதே முடிந்தது என்கிறீர்களா? பொறுங்கள். ரோவீனா மறுபடி மனுப் போட்டார். புதிய நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? "நான் உங்களுக்கு வக்கீலா இருந்தவ, எனக்காக நீங்க ஓட்டுக் கேட்டிருக்கீங்க. இதை நான் விசாரிக்கக் கூடாதும்மா" என்றார்.

"உங்களுக்காகத் தெருத்தெருவா நடந்தேனே" என்றார் ரோவீனா.

"அதனாலதாம்மா."

நோரினின் முகத்தைப் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு அவரால் நிமிர முடியவில்லை. பக்கத்துக் கவுண்டி நீதிபதி வந்தார். சென்ற வாரம் இரண்டு மணி நேரம் ரோவீனா பேசினார், கணவனும் பேசினான், நீதிபதி கேட்டார். உத்தரவு பிறந்தது. ரோவீனா இன்று தன் சொந்த வீட்டில் இருக்கிறார்.

தாய்மார்களே, பெரியோர்களே, வெண்டல் ஸ்கேக்ஸ் வானத்திலிருந்தா குதித்தார்? வளர்த்தது யார்? வாய்பொத்தி நின்றது யார்? நாம், நாம், நாமேதான். ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். எட்டு ஆண்டு கழித்து இந்த அம்மையாரை எதிர்த்தும் ஒருவர் நிற்க வேண்டும். இவர் நல்லவர் என்றாலும் நிற்க வேண்டும், தோற்பார் என்றாலும் நிற்க வேண்டும். நீதிபதி அவர்களே, நீங்கள் தலையசைப்பதைப் பார்க்கிறேன், நன்றி.

கடிகாரத்தைத் திருப்பிக் கட்டிக்கொள்ளும் தலைவருக்கும், ஆறிக்கொண்டிருக்கும் சோளரொட்டியைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம், இன்று மட்டும் எல்லாரும் உட்கார்ந்தே இருங்கள்.